மெடிக்கல் சீட்டில் தொடங்கிய முதல் திருத்தம்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே இ-சேவை மையங்களில் கூட்டம் கூடிவிடும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் என்று ஆளுக்கொரு கவலை. “ஓடிபி வந்துச்சாம்மா?” என்று அப்பா கேட்க, மகள் போனைத் துழாவிக்கொண்டிருப்பாள். கல்லூரி விண்ணப்பத்தில் பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி என்று ஒரு கட்டம் இருக்கும். அதைத் தொட்டுத் தேர்வு செய்ய இரண்டு விநாடி போதும். அந்தக் கட்டம் அங்கே வந்து சேர்ந்த கதைதான் கொஞ்சம் நீளமானது. பாதிக் கதை சென்னையில் நடந்தது, மீதி டெல்லியில்.

1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தில், கல்லூரிச் சேர்க்கையில் பின்தங்கிய வகுப்பினருக்கு இடம் ஒதுக்கலாம் என்று ஒரு வரிகூடக் கிடையாது. அரசு வேலைக்கு இருந்தது. 16-வது பிரிவின் நான்காவது உட்பிரிவு அதைத் தெளிவாகவே சொன்னது. படிப்புக்கு மட்டும் இல்லை. வேலைக்குப் போக வேண்டுமென்றால் முதலில் படிக்க வேண்டுமே என்கிற சாதாரணக் கேள்வி, அத்தனை மேதைகள் கூடிய அவையில் எப்படி நழுவியதோ!

ஆனால், சென்னை மாகாணத்தில் இட ஒதுக்கீடு அதற்கு முன்பிருந்தே இருந்தது. 1921-ல் நீதிக் கட்சி ஆட்சியில் வந்த வகுப்புவாரி அரசாணைதான் தொடக்கம். 1928-ல் அமைச்சர் முத்தையா முதலியார் அதை நடைமுறையில் உறுதிப்படுத்தினார். சுதந்திரம் வந்த நேரத்தில் கணக்கு 14 இடங்கள் என்று ஆகியிருந்தது. ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அன்றைய கோப்புகளில் ஹரிஜன் என்று எழுதப்பட்ட தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1.

மாகாணம் முழுவதும் அரசின் நான்கு மருத்துவக் கல்லூரிகளில் சேர்த்து 330 இடங்கள்தான். அதிலும் 17 வெளி மாகாணத்தாருக்கு, 12 அரசின் விருப்பத்துக்கு. மீதியைத்தான் மேலே சொன்ன கணக்கில் பிரித்தார்கள். ஒரு சீட்டுக்கு எத்தனை வீடுகளில் ஏக்கம் இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1950-ல் இந்த அரசாணையை எதிர்த்து இரண்டு பேர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒருவர் செண்பகம் துரைராஜன், மருத்துவம் படிக்க விரும்பியவர். இன்னொருவர் சீனிவாசன், கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர நினைத்த மாணவர். இருவரும் பிராமணச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். சீனிவாசன் இன்டர்மீடியட் தேர்வில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் பாடங்களில் 450-க்கு 369 வாங்கியிருந்தார். அந்தக் காலத்து மார்க்குக்கு அது சாதாரணம் இல்லை. அவருக்காக வாதாடியவர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். சாசனத்தின் வரைவுக் குழுவில் அம்பேத்கருடன் உட்கார்ந்து எழுதியவர், எழுதி முடித்த சூட்டோடு அதே சாசனத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கோர்ட்டில் நின்றார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. விசாரித்துப் பார்த்ததில், தன் சாதிக்கான இடங்களில் தனக்குக் கிடைக்காது என்று தெரிந்ததால் நேரே வழக்குப் போட்டதாகச் சொன்னார். உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே இதைக் குறிப்பிட்டது. அரசுத் தரப்பு அந்த ஓட்டையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வழக்கு நடந்தது.

1950 ஜூலையில் உயர் நீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது. அரசு மேல்முறையீடு செய்தது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் அதையே உறுதி செய்தார்கள். அவர்கள் காட்டிய காரணம் எளிமையானது. அரசு நடத்தும் கல்வி நிலையத்தில் மதம், இனம், சாதி, மொழி என்ற காரணத்துக்காக மட்டும் எவருக்கும் இடம் மறுக்கக் கூடாது என்கிறது 29-வது பிரிவு. வேலைக்கு விதிவிலக்கு எழுதியவர்கள் படிப்புக்கு எழுதவில்லை. நலிந்தவர்களின் கல்வியை அரசு கவனிக்க வேண்டும் என்று 46-வது பிரிவு சொல்கிறதே என்றது சென்னை அரசு. அது அரசுக்கான வழிகாட்டுதல்தான், அடிப்படை உரிமையை மீறி அது நிற்காது என்று கோர்ட் சொல்லிவிட்டது.

எழுதியிருப்பதை எழுதியபடி படித்தார்கள் என்ற அளவில் நீதிபதிகளைக் குறை சொல்ல முடியாது. 369 மார்க் வாங்கிய பையனின் வருத்தமும் பொய்யில்லை. ஆனால், அதே ஊரில் அப்பாவும் தாத்தாவும் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத வீட்டிலிருந்து ஒருவன் இன்டர்மீடியட் வரை வந்திருந்தால், அவனுடைய 300 மார்க் எங்கிருந்து புறப்பட்டு வந்தது என்பதை அளக்க அந்தச் சாசனத்தில் அன்றைக்கு அளவுகோல் இல்லை. சிக்கல் அங்கேதான் இருந்தது.

உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்ததுமே தெரு கொந்தளித்தது. பெரியாரின் திராவிடர் கழகமும், அதிலிருந்து பிரிந்து ஓராண்டுகூட ஆகாத தி.மு.க.வும் போராட்டத்தில் இறங்கின. கூட்டங்கள், ஊர்வலங்கள், கடையடைப்பு. சாசனத்தையே மாற்று என்ற குரல் முதன்முதலாக உரக்கக் கேட்டது இங்கேதான் என்று சொன்னால் அதிகப்படி ஆகாது.

இதே சமயத்தில் சென்னையிலிருந்து இன்னொரு வழக்கும் டெல்லிக்குப் போயிருந்தது. பம்பாயிலிருந்து ‘கிராஸ் ரோட்ஸ்’ என்றொரு ஆங்கில வார இதழ் வந்துகொண்டிருந்தது. ஆசிரியர் ரொமேஷ் தாப்பர். இடதுசாரிப் பத்திரிகை, நேரு அரசை விடாமல் விமர்சிக்கும். 1950 மார்ச் 1 அன்று சென்னை அரசு, பொது ஒழுங்குச் சட்டத்தைக் காட்டி, அந்த இதழ் மாகாணத்துக்குள் வரவே கூடாது என்று தடை போட்டது. தாப்பர் நேரே உச்ச நீதிமன்றம் போனார். மே மாதமே தீர்ப்பு வந்துவிட்டது. எழுதியவர் நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, சென்னைக்காரர்தான். நாட்டின் பாதுகாப்புக்கே ஆபத்து என்றால் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தலாம். உள்ளூர் அமைதி கெடும் என்று சொல்லிக் கட்டுப்படுத்த சாசனம் இடம் தரவில்லை என்றார். தடை செல்லாமல் போனது. பத்திரிகை உலகம் கொண்டாடியது, அரசாங்கங்கள் முகம் சுளித்தன.

மூன்றாவது தலைவலி நிலம். ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டங்களை ஜமீன்தார்கள் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். பீகாரின் சட்டத்தை 1951 மார்ச்சில் பாட்னா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

ஆக, 1951 மே 12 அன்று பிரதமர் நேரு கொண்டுவந்த முதல் திருத்த மசோதாவில் மூன்றும் ஒரே மூட்டையாக வந்தன. இட ஒதுக்கீட்டுக்கு வழி திறக்கும் 15(4), பேச்சுரிமைக்குக் கூடுதல் கடிவாளம் போடும் 19(2), நிலச் சட்டங்களுக்குக் காவல் போடும் ஒன்பதாவது அட்டவணை. கடையில் பிடித்த பொருளை வாங்கப் போனால் விற்காத சரக்கையும் சேர்த்துத் தலையில் கட்டுவார்களே, அந்த மாதிரி. 15(4) வேண்டும் என்றவர்கள் 19(2)-ஐயும் சேர்த்து ஏற்க வேண்டியிருந்தது. இப்படிக் கட்டிக் கொடுத்தது சரியா என்ற கேள்வி இன்றைக்கும் செல்லும்.

சென்னையில் நடந்தவைதான் 15-வது பிரிவைத் திருத்த உடனடிக் காரணம் என்பதை நேரு அவையில் மறைக்கவில்லை. சட்ட அமைச்சராக இருந்த அம்பேத்கர், உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் தனக்குத் திருப்தி இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். எதிர்ப்பக்கத்தில் சியாமா பிரசாத் முகர்ஜி, எச்.வி. காமத், குன்ஸ்ரு போன்றவர்கள். பேச்சுரிமையில் கை வைக்காதீர்கள் என்பது அவர்களின் வாதத்தில் முக்கியமானது. அப்போது இருந்தது தற்காலிக நாடாளுமன்றம்தான். முதல் பொதுத் தேர்தலே அந்த ஆண்டுக் கடைசியில்தான் தொடங்கியது. சாசனத்தை எழுதிய அவைதான் நாடாளுமன்றம் என்ற பெயரில் தொடர்ந்தது. பெரும்பாலும் அதே ஆட்கள், அதே நாற்காலிகள். மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்புவதற்கு முன்பே இவ்வளவு பெரிய காரியம் ஏன் என்று எதிர்த்தவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

அந்த எதிர்ப்பு வீண் போகவில்லை. முதலில் வந்த மசோதாவில், பொது ஒழுங்கு, அயல்நாட்டு நட்புறவு, குற்றம் செய்யத் தூண்டுதல் ஆகிய காரணங்களுக்காகப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்றுதான் இருந்தது. மசோதா தேர்வுக் குழுவுக்குப் போய்த் திரும்பியபோது ‘கட்டுப்பாடு’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘நியாயமான’ என்ற சொல் சேர்ந்திருந்தது. கட்டுப்பாடு நியாயமானதா இல்லையா என்று பார்க்கும் அதிகாரம் இதனால் நீதிமன்றத்துக்குக் கிடைத்தது. ஒற்றைச் சொல்தான். அந்த விவாதத்தில் கிடைத்த பெரிய லாபம் அது.

15(4) எழுதும்போது இன்னொரு சொல்லுக்காகவும் வாதம் நடந்தது. ‘சமூக ரீதியாகவும் கல்வி ரீதியாகவும் பின்தங்கிய வகுப்பினர்’ என்று இருந்ததில் ‘பொருளாதார ரீதியாகவும்’ என்று சேர்க்கச் சிலர் கேட்டார்கள். அவை ஏற்கவில்லை. ஜூன் 2 அன்று 228-க்கு 20 என்ற வாக்கில் மசோதா நிறைவேறியது. ஜூன் 18-ல் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். சாசனம் நடைமுறைக்கு வந்து ஒன்றரை வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

அன்று தொடங்கிய எண்ணிக்கை 2023-ல் 106-ஐத் தொட்டது. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்பதுதான் அந்த 106-வது. இத்தனை முறை திருத்தியதைப் பார்த்தால் ஏதோ சுலபமான வேலை போலத் தோன்றும். சாதாரணச் சட்டத்துக்கு வந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் கை தூக்கினால் போதும். திருத்தத்துக்கு 368-வது பிரிவு இரண்டு கணக்கு வைத்திருக்கிறது. அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரிக்க வேண்டும். வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். 543 பேர் கொண்ட மக்களவையில் 450 பேர் வாக்களித்தால் 300 ஓட்டு தேவை. எத்தனை குறைவாக வந்திருந்தாலும் 272-க்குக் கீழே போக முடியாது. மாநிலங்களவையிலும் தனியாக இதே கணக்கு. ஒரு அவை மறுத்தால் இரண்டையும் கூட்டி உட்கார வைத்து நிறைவேற்றும் குறுக்கு வழியும் கிடையாது.

இந்தக் கணக்கு எவ்வளவு கறாரானது என்பதற்கு 1970-ஐப் பார்க்கலாம். மன்னர் மானியத்தை ஒழிக்க இந்திரா காந்தி அரசு கொண்டுவந்த திருத்தம் மக்களவையைத் தாண்டிவிட்டது. மாநிலங்களவையில் ஆதரவு 149, எதிர்ப்பு 75. மொத்தம் 224. அதில் மூன்றில் இரண்டு பங்கு 149.33. ஒரு ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் மசோதா கவிழ்ந்தது! மன்னர்களுக்கு அன்று எப்படித் தூக்கம் வந்திருக்கும் என்று தெரியாது. மறு ஆண்டே தேர்தலில் பெரிய வெற்றியோடு வந்து அதை ஒழித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

மாநிலங்களின் அதிகாரத்தைத் தொடும் திருத்தம் என்றால் பாதி மாநிலச் சட்டமன்றங்களாவது ஒப்புக்கொள்ள வேண்டும். ஓட்டல் பில்லில் வரும் ஜிஎஸ்டி அப்படி வந்ததுதான், 101-வது திருத்தம். மாறாக, ஒரு மாநிலத்தின் பெயரை மாற்றுவது சாசனத்திலேயே எழுத்தை மாற்றினாலும் சாதாரணப் பெரும்பான்மையில் முடிந்துவிடும். மெட்ராஸ் மாநிலம் 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு ஆனது அந்த வழியில்தான். அண்ணா அதற்காக உழைத்தது பல வருடம் என்றாலும், 368-ன் கணக்கு அதற்குத் தேவைப்படவில்லை.

சரி, தேவையான ஓட்டு இருந்தால் எந்த உரிமையையும் எடுத்துவிடலாமா? 1951-லேயே இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் போனது. எடுக்கலாம் என்றது கோர்ட். 1967-ல் முடியாது என்று மாறியது. 1973 ஏப்ரல் 24 அன்று, கேரளத்தின் எட்நீர் மடாதிபதி கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கில் 13 நீதிபதிகள் ஏழுக்கு ஆறு என்று பிரிந்து நடுவழி ஒன்றைச் சொன்னார்கள். எந்தப் பிரிவையும் திருத்தலாம், சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை மட்டும் உடைக்கக் கூடாது. அந்த ஒரு நீதிபதி மறுபக்கம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு நெருக்கடி நிலைக் காலத்தை நினைத்தால் போதும். 1976-ல் உயிர் வாழும் உரிமைக்காகக்கூட கோர்ட்டுக்குப் போக முடியாது என்று நான்கு நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். இனி எந்த நெருக்கடி நிலையிலும் 20, 21 பிரிவுகளை நிறுத்தி வைக்க முடியாது என்று 1978-ல் வந்த 44-வது திருத்தம் எழுதி வைத்தது. திருத்தம் என்றாலே உரிமையைப் பறிப்பது என்று பயப்படுகிறவர்களுக்கு இது நல்ல பதில்.

முதல் திருத்தத்தோடு வந்த ஒன்பதாவது அட்டவணையின் கதை மறுபடியும் தமிழ்நாட்டுக்கே திரும்புகிறது. அதில் வைத்த சட்டத்தை அடிப்படை உரிமைக்கு எதிரானது என்று கோர்ட் ரத்து செய்ய முடியாது என்பது ஏற்பாடு. 13 நிலச் சட்டங்களோடு தொடங்கிய பெட்டகம் அது. 1992-ல் மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இட ஒதுக்கீட்டுக்கு 50 சதவிகித உச்சவரம்பு சொன்னபோது, தமிழ்நாட்டில் இருந்ததோ 69. ஜெயலலிதா அரசு தனிச் சட்டம் இயற்றியது. 1994-ல் 76-வது திருத்தம் அதை ஒன்பதாவது அட்டவணையில் ஏற்றியது. பூட்டு பலமாக விழுந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். நீலகிரி மாவட்டம் கூடலூரின் ஜென்மம் நிலங்கள் பற்றிய வழக்கில், 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள் அந்தப் பூட்டுக்கு ஒரு சாவி செய்தார்கள். 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு பெட்டகத்துக்குள் போன எந்தச் சட்டத்தையும் அடிப்படைக் கட்டமைப்பு என்ற உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம் என்றார்கள். 69 சதவிகிதச் சட்டம் உள்ளே போனது 1994-ல் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1951-ல் அவை ஒதுக்கிய ‘பொருளாதார’ என்ற சொல்லும் சும்மா இருக்கவில்லை. 2019 ஜனவரி 8-ல் மக்களவை, 9-ல் மாநிலங்களவை. இரண்டே நாளில் 103-வது திருத்தம் நிறைவேறி, வேறு ஒதுக்கீட்டில் வராத பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கு 10 சதவிகிதம் வந்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அதை ஏற்றது. மறுத்த இருவரில் ஒருவர் அன்றைய தலைமை நீதிபதி லலித். ஏழைகளுக்கு என்று சொல்லிவிட்டு எஸ்சி, எஸ்டி, ஓபிசி ஏழைகளை வெளியே நிறுத்துவது எப்படிச் சமத்துவம் ஆகும் என்பது அவர்கள் கேள்வி. 1951-ல் மூன்று வாரம் பேசிய விஷயத்துக்கு 2019-ல் இரண்டு நாள் போதுமென்று நினைத்தது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

இட ஒதுக்கீடு அளவுக்குப் பேசப்படாதது அந்த ‘நியாயமான’ என்ற சொல்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. எரிச்சலூட்டும் விதத்தில் எதையாவது ஆன்லைனில் அனுப்பினால் மூன்று ஆண்டு வரை சிறை. ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டதற்கும், அதற்கு லைக் போட்டதற்கும்கூடக் கைது நடந்தது. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தபோது எடுத்து வைத்துப் பார்த்த அளவுகோல் 19(2)தான். 1951-ல் கடிவாளமாக வந்த பிரிவு, ‘இந்தக் காரணங்களுக்காக மட்டும், அதுவும் நியாயமாக’ என்று அரசாங்கத்துக்கே கோடு போட்டுக் காட்டியது. ஒருவருக்கு எரிச்சல் வருவது அந்தக் காரணங்களில் இல்லை.

தீர்ப்பு வந்த பிறகும் பல மாநிலங்களில் போலீஸ் நிலையங்கள் 66ஏ-யின் கீழ் எஃப்ஐஆர் போட்டுக்கொண்டுதான் இருந்தன. இல்லாத சட்டத்தில் யார் மீதும் வழக்கு நடத்தாதீர்கள் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது.